வியாழக்கிழமை வாங்க



இது நீளமான பதிவு. வழக்கமாக மழை, மூட்டுவலி, பழைய வகுப்புப் புகைப்படம் என்று எதையாவது போடுவேன், நீங்களும் கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவீர்கள். இதை அப்படித் தாண்டிப் போகாதீர்கள். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று படித்தாலும் சரி.

போன பௌர்ணமி இரவு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமிக்கு எங்கள் அடி அண்ணாமலையில் யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடியவிடிய ஜனம் நடந்துகொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து பூக்கூடையோடு ஒரு பெண் விலகி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பழைய மாணவன் ஒருவனின் மனைவி. அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு முழம் பூவை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், இப்ப என் தம்பியும் ஆரம்பிச்சிட்டான். காலையிலயே குடிக்கிறான். இவனுக்காவது எதுனா பண்ணுங்க."

இவனுக்காவது என்றாள். நான் பதில் சொல்லவில்லை, பூவுக்குக் காசு கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. அன்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் கணவனும், என் தூரத்து உறவில் ஒரு பையனும் ஒரே வருஷம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். பெயர்கள் வேண்டாம். உறவுக்காரப் பையனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்க அத்தை, யாருக்காவது உதவட்டும்" என்றான். இன்னொருவனிடம் கேட்க வழியில்லை, அவன் மனைவியிடம் கேட்டேன். இரண்டு பேரில் ஒருவன் வாய்ப்பாட்டில் புலி. பெங்களூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனவன்தான் அது என்று நினைப்பீர்கள். கிடையாது. கொத்தனார் ஆனவன்தான் புலி. ஒரு சுவருக்கு எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட் என்று பேப்பர் இல்லாமல் சொல்வான். முப்பது வயதைத் தாண்டியபோது இரண்டு பேருக்கும் ஒரே நோய் வந்தது.

நோய் என்றுதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இல்லை. சர்க்கரை வந்தவரை நாம் சர்க்கரைக்காரன் என்று கூப்பிடுவதில்லை. குடி வந்தவனை மட்டும் குடிகாரன் என்கிறோம். குடிநோய், குடிநோயாளி என்ற சொற்கள் தமிழில் இருக்கின்றன. அவற்றைப் புழங்க நானே அறுபது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம் "உங்கப்பா குடிப்பாரா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் யாராவது இதைப் படித்தால், மன்னித்துவிடுங்கள் கண்ணுங்களா.

2021-ல், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சமயம். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு அந்தக் கொத்தனார்ப் பையன் என் வீட்டுக்கு வந்தான். குடிக்காமல் வந்திருந்தான். காபி கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க முடியாமல் பாதி தரையில் கொட்டியது, கை அவ்வளவு நடுக்கம். "டீச்சர், என்ன எங்கயாவது சேத்து உட்டுடுங்க. இன்னைக்கே சேத்து உட்டுடுங்க. நாளைக்கின்னா நான் மாறிடுவேன்" என்றான். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளோடு இருந்தவள் நான். ஒரு பையன் சாக்குக்குக் கேட்கிறானா, உண்மையாகக் கேட்கிறானா என்று எனக்குத் தெரியும். உண்மையாகத்தான் கேட்டான்.

ஆட்டோ பிடித்து ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், ஊர் மாறினாலும் கதை அதிகம் மாறாது. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மனநலப் பிரிவு எந்தக் கட்டடம் என்று விசாரித்துப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. அங்கிருந்த நர்ஸம்மா நல்ல மனுஷி. அவனை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பெட்டு எல்லாம் ஃபுல்லா இருக்கும்மா. சேக்கணும்னா கூட ஒரு ஆம்பள ஆள் பத்து நாள் தங்கணும். ஆதார் வேணும். டாக்டர் இன்னைக்கு கேம்ப் போயிட்டார். வியாழக்கிழமை வாங்க."

சர்க்கரை நோயாளியை வியாழக்கிழமை வரச் சொன்னால் வருவார். பல் வலிக்காரரும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவார். ரொம்ப நாளாகத் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் நடப்பது வேறு. முதல் நாளே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள் தொடங்கி நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்துவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். வார்டில் படுக்க வைத்து மாத்திரையை ஒரு கணக்காகக் கொடுத்துக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு, ஒரு வாரம் பத்து நாளில் உடம்பை நிலைக்குக் கொண்டுவருவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை என்பது குடிநோயாளிக்கு உடம்பு திருப்பி அடிக்கிற அதே நாட்கள். அந்த நாட்களைக் கடக்க மருந்து வேண்டும், இல்லை சரக்கு வேண்டும். மருந்து வியாழக்கிழமை கிடைக்கும். சரக்கு அன்றைக்கே கிடைக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் குடித்துவிட்டான். வியாழக்கிழமை நாங்கள் போகவில்லை.

பத்து நாள் தங்க வேண்டிய அந்த "ஆம்பள ஆள்" யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லை. அண்ணன் பெங்களூரில் சென்டரிங் வேலை, தினக்கூலி. மச்சான்தான் இருந்தான், அவனுக்கே இப்போது ஆள் தேவைப்படுகிறது. மனைவி இரண்டு பிள்ளைகளையும் பூ வியாபாரத்தையும் விட்டு வந்தாலும், ஆண்கள் வார்டில் இரவு தங்க விட மாட்டார்கள். ஒரு கொத்தனார் பத்து நாள் படுத்தால் அவன் கூலியும் போகிறது, துணைக்கு இருப்பவன் கூலியும் போகிறது. சிகிச்சை இலவசம்தான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது இருபதாயிரம் ரூபாய்ச் சமாச்சாரம்.

இப்போது உறவுக்காரப் பையன் கதைக்கு வருகிறேன். அவனுக்கு வேலை கொடுத்த கம்பெனி மருத்துவ விடுப்பு கொடுத்தது. பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தான். வெளியே வந்து நாலு மாதத்தில் திரும்பக் குடித்தான். மறுபடியும் சேர்த்தார்கள். எட்டு மாதம் நன்றாக இருந்து, ஒரு கல்யாண வீட்டில் மறுபடி ஆரம்பித்தான். அந்தக் கல்யாணத்துக்கு உங்களில் பல பேர் வந்திருந்தீர்கள். மூன்றாவது தடவையும் சேர்த்தார்கள். மாமனார் ஒரு மனை விற்றார். மூன்றாவது தடவைதான் பிடித்தது. நாலு வருஷமாகத் தொடுவதில்லை, வாராவாரம் ஏஏ கூட்டத்துக்குப் போகிறான்.

இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இந்த நோயின் இயல்பே அப்படித்தான்; திரும்பத் திரும்ப விழவைக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். என் மனதை அறுப்பது வேறு. அவனுக்கு மூன்று வாய்ப்பு கிடைத்தது. மனையும் கம்பெனியும் மாமனாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த மூன்று வாய்ப்பு. வாய்ப்பாட்டில் புலியாக இருந்தவனுக்கு அரை வாய்ப்பு கிடைத்தது, திங்கட்கிழமை காலை ஆறு மணி முதல் பத்தரை மணி வரை. எல்லோருக்கும் இலவச சிகிச்சை உண்டு என்று பலகையில் எழுதி வைத்தால் மட்டும் அது சமம் ஆகிவிடாது. ஏழைக்கும் எத்தனை தடவை அந்தக் கதவு திறக்கிறது, எவ்வளவு சீக்கிரம் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்குப் போகிறார். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்கள் உண்டு. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு சிகிச்சை, மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. நல்ல பெயர், நல்ல வேலை. கைதட்டுகிறேன். தட்டிக்கொண்டே கணக்கும் போடுகிறேன், வாத்தியார் புத்தி போகாது. 2023 ஜூனில் 500 டாஸ்மாக் கடைகளை மூடிய பிறகும் மிச்சம் இருந்தவை 4,829. கலங்கரை 25. ஏறக்குறைய 190 கடைக்கு ஒரு மையம். மாவட்டங்கள் 38.

பணம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. 2024-25-ல் மதுவால் வந்த வருமானம் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துக்கொள்ளும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. சிரிக்காதீர்கள், அரசாணையில் அப்படித்தான் இருக்கிறது. 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள், காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருவார்கள். காட்டு யானை காலில் கண்ணாடி குத்தக்கூடாது, நியாயம்தான். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது வந்தது. பாட்டிலைத் திரும்பப் பெற ஊர் ஊராக ஏற்பாடு செய்ய முடிகிற அரசாங்கத்தால், குடித்த ஆளைத் திரும்பப் பெறவும் ஏற்பாடு செய்ய முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

நாடு முழுக்க நிலைமை இதுதான். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் படுத்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். நாற்பதில் ஒருவனுக்கு மட்டும் சாப்பாடு போட்டுவிட்டு அதைச் சத்துணவுத் திட்டம் என்று சொன்னால் ஊர் விடுமா?

அந்த ஒருவர் யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் டவுனில் இருப்பவர், கூட வர ஆள் உள்ளவர், கையில் அடையாள அட்டை உள்ளவர், ஆண். எங்கள் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு மலைக்கிராமத்து ஆள் திருவண்ணாமலைக்கு வந்து போக ஒரு நாள் முழுக்க ஆகிவிடும். "வியாழக்கிழமை வாங்க" என்றால் அவர் அதற்குப் பிறகு வரவே மாட்டார்.

பெண்களைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அதே ஆய்வில் குடிக்கும் ஆண்கள் நூற்றுக்கு 27 பேர், பெண்கள் ஆயிரத்துக்கு 16 பேர். குறைவுதான், ஆனால் கொஞ்சநஞ்சம் வரும் சிகிச்சையும் ஆண்களை நினைத்துத்தான் அமைத்திருக்கிறது. எங்கள் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா, புருஷன் போன பிறகு குடிக்க ஆரம்பித்தார். மகனே வெளியே கூட்டிப் போக வெட்கப்பட்டான். "மஞ்சள்காமாலைன்னு சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனோம் டீச்சர்" என்றான். உண்மையைச் சொல்லாமல் என்ன மருந்து வாங்குவது?

கிரிவலப் பாதையில் காவி கட்டி உட்கார்ந்திருப்பவர்களைக் கும்பிட்டுப் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போகிறோம். அவர்களில் எத்தனையோ பேர் ஊரில் குடியால் குடும்பத்தை இழந்து வந்தவர்கள், இரண்டு பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆதார் ஏது, பத்து நாள் தங்கும் ஆண் துணை ஏது?

அரசு வார்டில் இடம் கிடைக்காதவன் எங்கே போவான்? சுவரில் போஸ்டர் இருக்கும். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்." தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். அப்படிக் கொடுப்பவற்றில் குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை கலந்திருந்தால், அது தெரியாமல் அவன் குடித்தால், ரத்த அழுத்தம் இறங்கி நெஞ்சுவலி வந்து உயிருக்கே ஆபத்து. மருத்துவரே கூட நோயாளியிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் அதைக் கொடுப்பார். அடுத்தது கோயிலில் கயிறு கட்டுவது, மாலை போடுவது. கும்பிட வேண்டாம் என்று சொல்ல நான் யார், தினமும் மலையைப் பார்த்துக் கைகூப்புகிறவள்தான். ஆனால் தினமும் குடிப்பவன் மாலை போட்ட அன்றே முழுவதுமாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை போடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

மூன்றாவது வழி, தனியார் மறுவாழ்வு மையம். நல்லவையும் உண்டு. என் மாணவன் போனது நல்லது இல்லை. மனைவி கம்மலை அடகு வைத்து மாதம் பன்னிரண்டாயிரம் கட்டினாள். இரவில் ஜீப்பில் வந்து கை காலைக் கட்டித் தூக்கிப் போனார்கள். மூன்று மாதம் கழித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். தெருவில் எல்லோரும் "திருப்பதியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். முதுகில் இருந்த தழும்பை மனைவிதான் பார்த்தாள். பதினோராம் நாள் குடித்தான். அந்த மையத்துக்கு உரிமம் இருந்ததா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை. 2023 பிப்ரவரியில் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூறு பேருக்கு மேல் மீட்கப்பட்டதைப் பேப்பரில் படித்தபோதுதான் என் மண்டையில் உறைத்தது. அதற்குள் அவன் போய்விட்டான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள் நான், சட்டம் படித்த மாணவர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அடுத்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. அதில் மனநோய் என்பதற்குள் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். 18-ஆவது பிரிவின்படி அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் மனநல சிகிச்சையைப் பெறுவது எல்லோருக்கும் உரிமை. சாதி, வர்க்கம், ஆண் பெண் பேதம் இருக்கக்கூடாது, போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடற்றவருக்கும் ஆதரவற்றவருக்கும், சிகிச்சை இலவசம். குறைந்தபட்ச சேவைகள் அந்த மாவட்டத்தில் இல்லாவிட்டால், அதே மாவட்டத்தில் உள்ள வேறு மனநல மையத்தில் பார்த்துக்கொள்ளலாம், செலவு அரசைச் சேர்ந்தது. கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: நம் ஊரிலேயே நடக்கிறது, வேறு நோய்களுக்கு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினார்கள். எனக்கே பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்க்கும்போது, பக்கத்து வீட்டில் கை நடுங்க ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனைத் தாண்டித்தான் போகிறாள். அவளிடம் நாலு கேள்வி கொண்ட ஒரு தாளும், மாத்திரை தொடர்கிறானா என்று பார்க்கும் பொறுப்பும் கொடுத்தால் என்ன? காசநோய்க்காரருக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள், 2024 நவம்பர் முதல் அது 1,000 ஆனது. படுக்கையில் இருக்கும் கூலிக்காரனின் வீட்டுக்கு அப்படி ஒரு தொகை போனால் அவன் மூன்றாம் நாள் எழுந்து ஓட மாட்டான். கேரளத்தில் 'விமுக்தி' என்ற பெயரில் கலால் துறையே 14 மாவட்டங்களிலும் சிகிச்சை மையங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கிறது. விற்பனையைக் கவனிக்கும் துறையே வைத்தியத்தையும் கவனிக்கட்டுமே.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மா 1980-ல் சென்னையில் ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார், டி.டி.கே. மருத்துவமனை என்று பல பேருக்குத் தெரியும். பட்டணத்துக்கு வர முடியாத கிராமத்து ஆட்களுக்காக 1980-களின் கடைசியிலேயே அவர்கள் மஞ்சக்குடிக்குப் போய் முகாம் போட்டார்கள், இப்போது அது திருவாரூர் மாவட்டம். பதினைந்து நாள், ஊரிலேயே, இலவசமாக, குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசி, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்து. ஊர் முழுக்கத் தெரிந்து நடப்பதால் வெட்கமும் குறைந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதை மாவட்டத்துக்கு ஒன்றாகச் செய்ய ஆஸ்பத்திரி கட்டடம் கூட வேண்டாம், மே மாதம் காலியாக இருக்கும் பள்ளிக்கூடம் போதும். நானே சாவி வாங்கித் தருகிறேன்.

இதைப் படிக்கும் என் அண்ணன்மார்களும் மாமாக்களும் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "குடிச்சி அழியறவனுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்? கடையை மூடச் சொல்லு முதல்ல." கடையை மூடுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் 2020 ஊரடங்கில் கடை மூடியபோது நாம் பார்த்தோம். மார்ச் கடைசியில் மூடினார்கள். சில நாளில் எங்கள் தெருவில் ஒருவர் நடுராத்திரி மொட்டை மாடியில் ஏறி, பாம்பு பாம்பு என்று கத்தினார். பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தார்கள். நானும் பக்கத்தில் நின்று திருநீறு எடுத்துக் கொடுத்தேன். செங்கல்பட்டில் வார்னிஷ் குடித்துச் செத்தவர்களின் செய்தி அந்த ஏப்ரலில்தான் வந்தது. கடையை மூடினால் மட்டும் நோய் போகாது, மூடுகிற அன்றைக்கு வார்டு இரட்டிப்பாகத் திறந்திருக்க வேண்டும். வரிப்பணம் பற்றி: அந்த 48,000 கோடியில் பெரும்பகுதி அவர்கள் பாக்கெட்டிலிருந்து போன வரிதான் மாமா. கொத்தனார்ப் பையன் தினம் இருநூறு ரூபாய்க்குக் குடித்தான் என்றால், பல வருஷமாக அரசாங்கத்துக்கு அவன் கட்டிய வரி என் வருமான வரியை விட அதிகமாக இருக்கும்.

கள்ளக்குறிச்சி நமக்குப் பக்கத்து மாவட்டம். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். டாஸ்மாக் சரக்கு வாங்கவும் காசு இல்லாதவர்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். அதே ஆள் உயிரோடு இருந்தபோது பத்து நாள் படுக்கை கேட்டு வந்திருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்கிறேன். மையத்திலிருந்து வந்த பிறகு அவன் இரண்டாவது தடவையும் என் வீட்டுக்கு வந்தான். இரவு எட்டரை மணி. குடித்திருந்தான். "டீச்சர், டீச்சர்" என்று கேட்டைத் தட்டினான். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்றேன். கால் மணி நேரம் தட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஆறு மாதம் இருந்தான், ரத்த வாந்தி எடுத்துப் போனான். மருத்துவமனைக் கதவைப் பற்றி இவ்வளவு எழுதிய நான் என் கதவைப் பற்றி எழுதாமல் இருப்பது சரியில்லை.

அவள் தம்பி விஷயம். மறுநாளே 14446-க்குப் போன் செய்தேன், போதை மீட்புக்கான தேசிய உதவி எண், இலவசம். மனநலத்துக்கு 14416 இருக்கிறது, அதில் தமிழிலும் பேசுவார்கள். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடியை நிறுத்தியவருக்கு வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்தால் நாள் கிழமை பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அது அவசரச் சிகிச்சை, வியாழக்கிழமை வரை காத்திருக்கும் விஷயம் இல்லை. தனியார் மையத்தில் சேர்ப்பதற்கு முன்னால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். தம்பிக்கு இப்போது படுக்கை கிடைத்திருக்கிறது. கூட இருக்க ஆண் துணை கேட்டார்கள். என்னிடம் படித்து இப்போது ஆட்டோ ஓட்டும் ஒருவன் ஐந்து இரவும், அவன் நண்பன் ஐந்து இரவும் தங்குவதாக ஒத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நாலாம் நாள். சாப்பிடுகிறானாம்.

ஆனால் எல்லோருக்கும் ஓர் ஆட்டோக்கார மாணவன் கிடைக்க மாட்டான். அதனால் வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன். துணைக்கு ஆள் இல்லை, ஆதார் இல்லை என்பதற்காகக் குடிநோயாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது; வந்த அன்றே சேர்க்கப் படுக்கை இல்லாவிட்டால் அன்றே மாத்திரையாவது தொடங்க வேண்டும்; பெண்களுக்குத் தனி இடம் வேண்டும்; ஜமுனாமரத்தூரில் வாரம் ஒரு நாள் டாக்டர் வர வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். நர்ஸாக இருக்கும் என் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் மனுவைப் படித்துத் திருத்திக் கொடுத்தார்கள், "டீச்சர், எங்க கஷ்டத்தையும் ஒரு வரி எழுதுங்க" என்றார்கள், ஆள் பற்றாக்குறை பற்றி அதையும் சேர்த்தேன். கிராமப் பஞ்சாயத்துகளில் இருப்பவர்கள் இதையே அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடலாம், நகல் அனுப்புகிறேன்.

காலை ஒன்பதரைக்கு வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலக வாசலில் இருப்பேன். அவளும் பூக்கூடையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறாள். வர முடிந்தவர்கள் வாருங்கள். வெயில் அதிகம், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் நகலும் ஒன்று வேண்டும், மனு பதிய அங்கேயும் கேட்பார்கள்.